ஆயில் பெயிண்டில் முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
அப்பாவை எதிரே உட்காரவைத்து வரைகிறேன். முதல் நாள் அவர் அப்படியே வந்திருந்தார், ஏதோ சொல்ல வாயெடுக்கிற அந்தப் பார்வைகூட. அப்புறம் இரண்டு நாள் உட்கார்ந்து கன்னத்தை வழவழப்பாக்கி, இமை மயிர்வரை திருத்தியதில் ஆளையே காணோம். நிழல் பக்கம் வேறு சேறு பூசின மாதிரி இருக்கிறது. தோல் நிறத்துக்கு டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), கொஞ்சம் சிவப்பு. நிழலுக்கு அதிலேயே கறுப்பு சேர்க்கிறேன்.

பதில் 1:
கறுப்பின் மேல் பழி போடாதீர்கள். வெள்ளை, மஞ்சள் ஓக்கர், வெர்மிலியன் என்கிற பளிச்சென்ற சிவப்பு, ஐவரி கறுப்பு, இந்த நான்கும் ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரிலேயே வழங்குகிற பேலட், அதாவது நிறத் தொகுப்பு. கறுப்பு வெள்ளையோடு சேர்ந்தால் நீலச் சாயல் காட்டும், மஞ்சளோடு சேர்ந்தால் பச்சை. உங்கள் தோல் நிறத்தில் இரண்டும் இருக்கின்றன, சேறு வராமல் என்ன செய்யும்? நிழலைத் தனியாகக் கலக்குங்கள்: ஓக்கர், சிவப்பு, துளி கறுப்பு. வெள்ளை கிட்டத்தட்ட வேண்டாம்.

பதில் 2:
நிறத்தைப் பற்றி மேலே சொன்னது சரிதான், ஆனால் ஆளைக் கொன்றது பிரஷ். கண்ணை இடுக்கிப் பாருங்கள். மூக்கு, கண் என்று தெரியாது, வெளிச்சத் திட்டும் நிழல் திட்டும்தான் தெரியும். பெரிய பிரஷால் ஒரு திட்டுக்கு ஒரு இழுப்பு, உடனே கையை எடுத்துவிட வேண்டும். திரும்பத் தடவினால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். நிழல் பக்க ஓரங்களைப் பின்னணியிலேயே கரைய விடுங்கள். பெயிண்ட் இன்னும் ஈரமா?

கேட்டவர்:
கன்னம் ஈரம். நெற்றி காய்ந்துவிட்டது.

பதில் 2:
அப்படியானால் கன்னத்தைப் பேலட் கத்தியால் சுரண்டிவிடுங்கள், மனசு கேட்காது, பரவாயில்லை. நெற்றியில் மேலே போடுவதில் எண்ணெய் கீழே இருப்பதைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் பின்னால் பெயிண்டில் வெடிப்பு விழும். இன்னொன்று, லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) ஊறிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

கேட்டவர்:
சுரண்டியாயிற்று. அடியில் மங்கலாக ஒரு கன்னம் மிஞ்சியிருந்தது, அதன்மேல் நாலே இழுப்பு. கண்ணின் வெள்ளையை நெற்றியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வெள்ளையே இல்லை, நல்ல சாம்பல்! மாற்றியதும் பார்வை திரும்பிவிட்டது. அப்பா வந்து பார்த்துவிட்டு, “ஒரு காதைக் காணோமே” என்றார்.