மெய்நிகர் கண்ணாடியில் பிரசவப் பயிற்சி: கை பழகுமா?

கேள்வி: எங்கள் செவிலியர் கல்லூரியில் இரண்டு மெய்நிகர் கண்ணாடிகள் (தலையில் மாட்டிக்கொள்ளும் VR கருவிகள்) வாங்கியிருக்கிறோம். பிரசவத்திற்குப் பிந்தைய இரத்தப்போக்கை இவற்றைக் கொண்டு கற்பித்தவர்கள் இருக்கிறீர்களா?

பதில் 1: கற்பித்திருக்கிறேன். குழந்தை பிறந்தவுடன் 10 யூனிட் ஆக்சிடோசின் (கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்து), இரத்தம் 500 மில்லியைத் தாண்டினால் உடனே உதவிக்கு அழைப்பு என்ற வரிசை மாணவியர் மனத்தில் நன்றாகப் பதிகிறது. ஆனால் தளர்ந்த கருப்பை உள்ளங்கைக்குக் கீழே பிசைந்த மாவுபோல் அமுங்குவதையும், தேய்த்துவிடத் தேய்த்துவிட அது இறுகுவதையும் கண்ணாடியோடு வரும் கைப்பிடியின் அதிர்வு உணர்த்தாது; அதற்குப் பயிற்சிப் பொம்மையே வேண்டும்.

பதில் 2: உண்மைதான். சிலருக்குத் தலைசுற்றும், உட்கார வைத்தே பழக்குங்கள். கண்ணாடிக்குள் தெரிவதைப் பெரிய திரையிலும் காட்டாவிட்டால், இரண்டே கருவி உள்ள வகுப்பில் மற்றவர்கள் வேடிக்கை பார்க்கக்கூட வழியிருக்காது.

கேட்டவர்: நன்றி. காலையில் கண்ணாடி, பிற்பகலில் பொம்மை என அட்டவணை போடுகிறேன். கண்ணாடியில் முகத்தோடு ஒட்டும் பஞ்சில் வியர்வை ஊறுகிறதே, என்ன செய்வது?

பதில் 2: சிலிகான் உறை மாட்டுங்கள், ஒவ்வொருவருக்கும் பின் துடைத்துவிடலாம்.