பின்தங்கிய பகுதிகளுக்கான நலவாழ்வு நிதி: முதல் உரிமை ஊதியத்துக்கா, கட்டடத்துக்கா?

அருவி:

மருத்துவ வசதி எட்டாத பகுதிகளுக்கென்று பணம் ஒதுக்கப்படும்போது அது பெரும்பாலும் கட்டடமாகவோ கருவியாகவோதான் வந்து சேர்கிறது. கட்டடத்தைத் திறந்து வைக்கலாம், கருவியைக் கணக்கில் காட்டலாம். ஒரு சுகாதாரப் பணியாளருக்குப் பத்தாண்டுகள் மாதம் தவறாமல் ஊதியம் கொடுத்ததை எந்தக் கல்வெட்டிலும் பொறிக்க முடியாது என்பதால், கொடுப்பவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கூடுதலாகக் கிடைக்கும் பணத்தில் முதல் உரிமை, அந்தப் பகுதியிலேயே குடியிருக்கும் பணியாளரின் ஊதியத்துக்கும் அவர் கையில் எப்போதும் இருக்க வேண்டிய மருந்துக்கும் உரியது என்பது என் நிலைப்பாடு.

இதற்குச் சான்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்களான அபய் பங், ராணி பங் இணையரின் அமைப்பு 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தது. பிறந்த குழந்தையை எடை பார்ப்பது, கதகதப்பாக வைத்திருப்பது, மூச்சுத்திணறலைக் கவனிப்பது, கிருமித்தொற்று கண்டால் ஊசி மருந்து போடுவது ஆகியவற்றை அவர்கள் வீட்டிலேயே செய்தார்கள். 1999இல் வெளியான முடிவுகளின்படி, ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட கிராமங்களைவிட அங்கே பச்சிளங்குழந்தை இறப்பு 62% குறைந்தது. எத்தியோப்பியா 2003இல் தொடங்கிய திட்டத்தில் ஒவ்வொரு சிற்றூர்ப் பிரிவுக்கும் இரண்டு பெண்களை ஓராண்டுப் பயிற்சி கொடுத்து, அரசு ஊதியத்தில் அமர்த்தினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும் ஐ.நா. இலக்கை அந்நாடு 2015க்கு முன்பே எட்டியது.

கருவிகளின் நிலையையும் பார்க்க வேண்டும். வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளில் உள்ள கருவிகளை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அவற்றில் ஏறத்தாழ 40% இயங்காமல் கிடந்ததாகக் கண்டது. அந்தப் பணத்தில் எத்தனை பேருக்கு ஊதியம் கொடுத்திருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மாறன்:

அருவி அவர்களே, நீங்கள் எடுத்துக்காட்டிய இரண்டும் குழந்தைகளைப் பற்றியவை. தாய்மார்களைப் பற்றியும் பேசுவோம். உங்கள் எத்தியோப்பியத் திட்டம் தொடங்கி எட்டாண்டுகள் ஆன பிறகும், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே பத்தில் ஒரு பிரசவம்தான் மருத்துவ நிலையத்தில் நடந்திருந்தது. வீடுதேடி வரும் பணியாளர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், வயிற்றில் குறுக்கே கிடக்கும் குழந்தையை அறுவைசிகிச்சை செய்து எடுக்க அவரால் முடியாது. ரத்தம் ஏற்றவும் முடியாது.

பேறுகால இறப்புகளை ஆராய்ந்தவர்கள் மூன்று தாமதங்களைக் குறிப்பிடுவார்கள். மருத்துவ உதவி வேண்டும் என்று முடிவெடுப்பதில் ஒன்று, மருத்துவமனையைச் சென்றடைவதில் ஒன்று, சென்ற இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. உங்கள் பணியாளர் முதல் தாமதத்தைக் குறைப்பார். இரண்டாவதற்குச் சாலையும் ஊர்தியும் வேண்டும்; மூன்றாவதற்கு அறுவை அரங்கும் ரத்த வங்கியும் மயக்க மருந்து கொடுப்பவரும் வேண்டும். மூன்றாவதற்கு வேண்டிய இவையெல்லாம் நீங்கள் குறைத்து மதிப்பிடும் கட்டடத்துக்குள்தான் இருக்கும்.

தாய்லாந்து 1980களின் முற்பகுதியில் நகர்ப்புறப் பெரிய மருத்துவமனைகளுக்கான புதிய முதலீட்டைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்துவிட்டு, அந்தப் பணத்தை ஊரகப் பகுதிகளின் சிறு மருத்துவமனைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் திருப்பியது. 2002இல் அனைவருக்குமான மருத்துவக் காப்புத் திட்டத்தை அந்நாடு கொண்டுவந்தபோது, மக்கள் போய்ச் சேருவதற்கு அந்தக் கட்டடங்கள் ஏற்கெனவே இருந்தன. அவை இல்லாவிட்டால் காப்புறுதி அட்டையை வைத்துக்கொண்டு மக்கள் எங்கே போயிருப்பார்கள்?

இதில் எனக்கு இன்னொரு ஆழ்ந்த வருத்தமும் உண்டு. மருத்துவத் தேவை மிகுந்த இடத்தில்தான் மருத்துவம் மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று வேல்ஸ் நாட்டுச் சுரங்கப் பகுதி மருத்துவரான ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இலேயே எழுதினார். நகரத்தாருக்கு மருத்துவர், மலைவாழ் மக்களுக்குச் சில மாதப் பயிற்சி பெற்ற பணியாளர் என்று நாம் வகுத்துவிட்டால், அந்த அநீதியைத் திட்டமாகவே எழுதிவைத்தவர்களாகிவிடுவோம்.

முல்லை (செவிலியர்):

இருவரும் பேசுவதற்கு நடுவே விடுபட்டுப்போகும் ஒன்றைச் சொல்கிறேன். நான் ஒரு துணை சுகாதார நிலையத்தில் பணியாற்றியவள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்சிடோசின் ஊசியை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். எங்கள் குளிர்பெட்டியின் கதவு ரப்பர் கிழிந்து போயிருந்தது. காலையும் மாலையும் வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுதுவேன். மாலையில் எழுதும் எண் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்தது. ரப்பரை மாற்றுவது ஒரு மணி நேர வேலைதான், ஆனால் அதற்கான தொகையைச் செலவிடும் அதிகாரம் எனக்குக் கிடையாது. மேலிடத்துக்கு எழுதி, ஒப்புதல் வந்து, ஆள் வருவதற்குள் வெயில் காலமே கடந்துவிட்டது. வெப்பத்தில் கிடந்த அந்த மருந்து பார்ப்பதற்குப் புதியது போலவே இருக்கும். போட்ட பிறகு வேலை செய்யாதபோதுதான் தெரியும்.

அந்த நிலையத்தில் கட்டடம் இருந்தது, எனக்கு ஊதியமும் வந்தது. இரண்டுக்கும் இடையில் சிறு பழுதைச் சரிசெய்யும் பணம் மட்டும் இல்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரையும் இப்படித்தான். முதல் மாதம் வாங்கிப்போனவர் அடுத்த மாதம் வரும்போது இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பினால், மூன்றாம் மாதம் அவர் வரமாட்டார். பிறகு பக்கவாதத்தோடுதான் வருவார். அவரை மாறன் ஐயா சொல்லும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவோம். மாதந்தோறும் சில மாத்திரைகளோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, ஒரு குடும்பத்தின் உழைக்கும் ஆளையே கொண்டுபோய்விடும்.

பணியாளர் முக்கியம் என்பதில் நான் அருவி அவர்களின் பக்கம். ஆனால் வெறுங்கையோடு நிற்கும் பணியாளர் ஊராரின் நம்பிக்கையை இழப்பார். இழந்ததைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம்.

தணிக்கையாளர்:

பணம் எதற்கென்று மூவரும் பேசுகிறீர்கள். கொடுத்த பணம் பயனாக மாறியதா என்று யார் பார்ப்பது? நிலையான ஊதியம் கொடுத்தும் பணியாளர் வராத நிலையங்கள் ஏராளம். பணத்தை விளைவோடு கட்டிப்போட வேண்டும் என்பதே என் கருத்து. ருவாண்டாவில் சுகாதார நிலையங்களுக்கு அவை அளித்த சேவைகளின் எண்ணிக்கைக்கும் தரத்துக்கும் ஏற்பப் பணம் கொடுத்தபோது, நிலையங்களில் நடக்கும் பிரசவங்கள் 23% கூடின. ஒப்பீட்டுக்கான நிலையங்களுக்கும் அதே அளவு கூடுதல் பணம் நிபந்தனையின்றிக் கொடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். ஆகவே அந்த வேறுபாடு பணத்தால் வந்ததல்ல, பணம் கொடுத்த முறையால் வந்தது.

வங்கதேசத்தில் பிராக் என்னும் தொண்டு அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகளில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தது. கற்பித்த பெண்களுக்கான ஊதியம், கற்றுக்கொண்ட தாய்மார்கள் எவ்வளவை நினைவில் வைத்திருந்தார்கள் என்பதைச் சிலரிடம் சோதித்துப் பார்த்த பிறகே முடிவானது. இதைவிட நேர்மையான கணக்கு வேறென்ன இருக்க முடியும்?

அருவி:

தணிக்கையாளர் அவர்களே, ருவாண்டா ஆய்வின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அதே ஆய்வில் கர்ப்பிணிகள் நான்கு முறை பரிசோதனைக்கு வந்து முடிப்பதிலும், குழந்தைகளுக்குத் தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்படுவதிலும் முன்னேற்றம் எதுவும் இல்லை. எந்தச் சேவைக்குப் பணம் மிகுதியோ, எதைச் செய்வது பணியாளரின் கையிலேயே இருக்கிறதோ, அதுதான் கூடியது. ஒரு பெண்ணை நான்கு முறை வரவழைப்பதற்கு வீடுவீடாக நடந்து, மாமியாரிடம் பேசி, கணவரிடம் பேசி மனம் மாற்ற வேண்டும். அந்த உழைப்பு எந்தப் படிவத்திலும் ஏறாது. சேவைக்கு இவ்வளவு என்று விலை குறித்துவிட்டால், விலை குறிக்கப்படாத வேலை மெல்ல நின்றுபோகும்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு அவர்களுடைய வேலைக்குத் தகுந்த ஊதியம் வழங்க வேண்டும் என்கிறது. செய்த செயலுக்கேற்ற ஊக்கத்தொகையை மட்டுமோ பெருமளவிலோ நம்பி அவர்களுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இந்தியாவில் 2005 முதல் பணிபுரியும் ஆஷா என்னும் சமூக சுகாதாரப் பணியாளர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். அவர்கள் பெயரளவில் தன்னார்வலர்கள். வருவாயில் பெரும்பகுதி ஊக்கத்தொகைதான். 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது அளித்தது. நிலையான ஊதியத்துக்காக அவர்கள் இன்னமும் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருப்பது எனக்குத் தாங்க முடியாத அநீதியாகப் படுகிறது.

தணிக்கையாளர்:

ஊதியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வங்கதேச எடுத்துக்காட்டுக்கு நீங்கள் பதில் தரவில்லை. அங்கே அளக்கப்பட்டது பணியாளர் நிரப்பிய படிவமல்ல, தாயின் அறிவு. அளவுகோலைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் அஞ்சுவது நடக்காது.

அருவி:

அங்கே ஒரே ஒரு பாடம் கற்பிக்கப்பட்டது. அதை ஒரு கேள்வித்தாளில் அளக்க முடிந்தது. ஒரு பகுதியின் முழு நலவாழ்வையும் சுமக்கும் பணியாளரின் வேலை அப்படிப்பட்டதல்ல. தாய்மார்களிடமே போய்க் கேட்டுச் சரிபார்க்கும் முறையை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். அதைக் கண்காணிப்புக்குப் பயன்படுத்துவோம். ஒருவர் மாத இறுதியில் எவ்வளவு பெறுவார் என்பதை அதன்மேல் நிறுத்த வேண்டாம்.

மாறன்:

இதுவரை யாரும் கேட்காத கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியதாகத் தெரிகிறது. இப்பகுதிகளுக்கு வரும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி மானியம். மூன்றாண்டுகளோ ஐந்தாண்டுகளோ வரும், பிறகு நின்றுவிடும். அதை நம்பி நூறு பேரை வேலைக்கு அமர்த்தினால், நான்காம் ஆண்டு அவர்களுக்கு யார் ஊதியம் கொடுப்பார்கள்? கட்டடமாவது நிற்கும். ஊதியம் நின்ற மறுமாதமே பணியாளர் வேறு வேலை தேடிப் போயிருப்பார். அவரை நம்பி மாத்திரை சாப்பிடத் தொடங்கியவர்கள் நடுவழியில் கைவிடப்படுவார்கள்.

ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் 2001இல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடி, அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் குறைந்தது 15% நலவாழ்வுக்கு ஒதுக்குவதாக உறுதியளித்தார்கள். பெரும்பாலான நாடுகள் அந்த அளவை எட்டவில்லை. உறுதிமொழியை நம்பி ஆள் எடுக்கலாகாது. ஒருமுறை வரும் பணத்தை ஒருமுறை ஆகும் செலவுக்கு வைத்துக்கொள்வதே பொறுப்பான நடைமுறை.

அருவி:

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான விடை கட்டடம் அல்ல. கட்டடம் நிற்கும் என்கிறீர்கள். செவிலியரும் மின்சாரமும் பழுதுபார்ப்பும் இல்லாத கட்டடம் வெறுமனே நிற்கத்தான் செய்யும். ஒவ்வொரு அறுவை அரங்கும் தன்னோடு ஆண்டுதோறும் தொடரும் ஒரு செலவைக் கொண்டுவருகிறது. நான் கேட்கும் ஊதியத்துக்கு எழும் அதே நான்காம் ஆண்டுக் கேள்வி அதற்கும் எழும்.

பிரேசில் செய்ததைப் பாருங்கள். 1991இல் சமூக சுகாதார முகவர்களையும், 1994இல் அவர்களோடு மருத்துவரும் செவிலியரும் சேர்ந்த குடும்ப நலக் குழுக்களையும் கொண்டுவந்தார்கள். முகவர் தனித்து விடப்படவில்லை, மாறன் ஐயா. அவருக்குப் பின்னால் மருத்துவர் இருந்தார். 2000இல் அரசமைப்புச் சட்டத்தையே திருத்தி, மாநிலங்கள் தம் வருவாயில் குறைந்தது 12%, நகராட்சிகள் 15% நலவாழ்வுக்குச் செலவிட வேண்டும் என்று ஆக்கினார்கள். அபுஜாவில் நடந்தது வாக்குறுதி. இங்கே நடந்தது சட்டம்.

பணத்தட்டுப்பாட்டைக் காட்டி நோயாளியிடமே கட்டணம் வாங்கலாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சேர்க்கிறேன். கென்யாவில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தந்த கொசுவலைக்கு 60 அமெரிக்க சென்ட் கட்டணம் வைத்துப் பார்த்தபோது, அதை வாங்கிக்கொண்டவர்களின் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. சிறு கட்டணம்கூட மிக ஏழைகளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

மாறன்:

கட்டணம் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. பிரேசிலைப் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன், ஆனால் அது உங்கள் வாதத்தைவிட என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது: மருத்துவரும் செவிலியரும் இருக்கும் குழுவோடு சேர்ந்துதான் அந்த முகவர் பயன்பட்டார். மேற்சிகிச்சை கிடைக்கும் இடம் எட்டும் தொலைவில் இல்லாத பகுதியில் முதல் பணம் அதை உருவாக்கவே போக வேண்டும் என்ற நிலையிலிருந்து நான் மாறவில்லை. அத்தகைய இடம் ஏற்கெனவே இருந்து, ஆனால் அங்கே மக்கள் வந்து சேராத பகுதியில் நீங்கள் சொல்லும் வரிசை சரி.

முல்லை (செவிலியர்):

அப்படியானால் எந்தப் பகுதி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே போய்ப் பார்க்க வேண்டும். தலைநகரில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. இத்துடன் எந்த நிதி ஒப்பந்தத்திலும் மூன்று செய்திகள் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். மானியத்தில் அமர்த்தப்படும் ஒவ்வொரு பணியிடத்தையும் எந்த ஆண்டு முதல் அரசு தன் ஊதியப் பட்டியலில் ஏற்றுக்கொள்ளும் என்பது ஒன்று. வாங்கும் ஒவ்வொரு கருவிக்கும் அதைப் பழுதுபார்ப்பதற்கான ஆண்டுத் தொகை சேர்த்தே ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பது மற்றொன்று. ஒரு குறிப்பிட்ட வரம்புவரை மேலிட ஒப்புதலுக்குக் காத்திராமல் நிலையத்தின் செவிலியரே செலவு செய்து, பிறகு ரசீதோடு ஊர்க்குழுவின் முன் கணக்கு வைக்கும் அதிகாரம் வேண்டும் என்பது மூன்றாவது. தணிக்கையாளர் அவர்கள் கேட்கும் கணக்கை அந்த ஊர்க்குழுவில் உட்காரும் தாய்மார்களே கேட்பார்கள். எந்த வாரம் மருந்து இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.