கென் லோச் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைக்குமா?

வணக்கம் நண்பர்களே. பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச் 2019இல் எடுத்த ‘சாரி வி மிஸ்ட் யூ’ படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் யாரிடமாவது இருக்கிறதா? எங்கள் தெருவில் பார்சல் டெலிவரிக்குப் போகும் தம்பிகள் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து பார்க்க ஆசை.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துக் குடும்பத்தின் கதை. கணவன் பார்சல் வேன் ஓட்டுகிறான். அந்த வேனுக்கு முன்பணம் கட்ட மனைவியின் காரை விற்றுவிடுகிறார்கள். வீடுவீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் அவள், அதற்குப் பிறகு பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். பார்த்து நாளாகியும் அந்தக் காத்திருப்பு என் மனதைவிட்டுப் போகவில்லை.

ஆங்கில சப்டைட்டில் தம்பிகளுக்கு உதவாது. தமிழில் இல்லையென்றால் நானே மொழிபெயர்க்க உட்காருகிறேன். நேரக்குறிப்போடு கோப்பு தயாரிக்கத் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள். இப்படித் திரையிட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் சொன்னால் நல்லது.