கோப்பு இருக்கிறது, ஆனால் இல்லையாம்: கிராஸ் கம்பைல் அனுபவங்கள்

தூங்காதவன்:
இரண்டு வருஷம் ஆகியும் இது மனதை விட்டுப் போகவில்லை. எக்ஸ்86 சிப் உள்ள லேப்டாப்பில் கம்பைல் செய்து, வேறு வகை சிப்பான ஆர்ம் உள்ள போர்டில் ஓட்ட வேண்டும், கிராஸ் கம்பைலின் வழக்கமான கதைதான். டூல்செயின் (ஆர்முக்கான கம்பைலர், லிங்கர் தொகுப்பு) இறக்கி, பில்டைத் தயார் செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்கு ஹோஸ்ட் (ஓடப்போகும் மிஷின்) கொடுத்து, மேக் அடித்தால் ஒரு வார்னிங்கூட இல்லாமல் முடிந்தது. பைனரியை போர்டுக்கு அனுப்பி ஓட்டினால் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. எல்எஸ் அடித்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, சைஸ் காட்டுகிறது, எக்ஸ் பெர்மிஷனும் இருக்கிறது. பெயரில் எழுத்துப் பிழையோ என்று டேப் அமுக்கினேன், ஷெல்லே பெயரை நிரப்பிக் கொடுத்தது. என்டர் தட்டினால் அதே ஷெல் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது!

விடிகாலை மூன்று மணிக்கு 'ஃபைல்' கமாண்டின் வெளியீட்டை ஒழுங்காகப் படித்தேன். இல்லாதது என் பைனரி அல்ல, அதை ஏற்றிவிட வேண்டிய டைனமிக் லோடர். என் டூல்செயின் ஹார்ட் ஃப்ளோட் (தசம எண்களை அதற்கென்றே உள்ள ரெஜிஸ்டர்களில் கடத்தும் வகை), அது கேட்டது எல்டி-லினக்ஸ்-ஆர்ம்எச்எஃப்.எஸ்ஓ.3. போர்டில் இருந்தது அப்படிக் கடத்தாத சாஃப்ட் ஃப்ளோட் சிஸ்டம், அங்கே இருப்பது எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.3. டூல்செயின் பெயரின் வாலில் ஒட்டியிருந்த 'எச்எஃப்' என்ற இரண்டெழுத்துக்கு ஒரு ராத்திரி போச்சு.

மேக்ஃபைல்மனிதன்:
என் கதை ஆர்பிஎல்_மாலக் என்ற ஒரு பெயரால் வந்தது. பழைய பேக்கேஜ் ஒன்றை லிங்க் செய்யும்போது அதற்கு 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (கூப்பிட்ட பெயர் எங்கும் இல்லை) என்றது. சோர்ஸ் முழுக்க கிரெப் அடித்துத் தேடியும் அந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷன் இல்லை, எந்தப் பேய் கூப்பிடுகிறது என்றே புரியவில்லை. கடைசியில் கான்ஃபிகர் உருவாக்கும் கான்ஃபிக்.எச்-இல் ஒரே ஒரு வரி: மாலக் (மெமரி கேட்கும் ஃபங்ஷன்) என்று வந்தால் ஆர்பிஎல்_மாலக் என்று எடுத்துக்கொள். அந்த வரியை அழித்தேன், பில்ட் ஆனது, வீட்டுக்குப் போய்விட்டேன்.

சிஸ்ரூட்_சித்தர்:
மேலே உள்ளவர் வரியை அழித்தது சரியான வழி இல்லை. அடுத்த முறை கான்ஃபிகர் ஓடினால் அது திரும்ப வந்து உட்காரும். கான்ஃபிகர் ஒரு சின்ன புரோகிராமை ஓட்டிப் பார்த்துத்தான் மாலக்(0) என்ன தருகிறது என்று தெரிந்துகொள்ளும். கிராஸ் கம்பைலில் ஓட்ட வழியில்லை, அதனால் பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் மோசமான பதிலை ஊகித்துக்கொள்கிறது. ஏசி_சிவி_ஃபங்க்_மாலக்_0_நான்நல் = யெஸ் என்று கமாண்ட் லைனில் நீங்களே பதில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம், லிங்கர் 'ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்' என்று பக்கம் பக்கமாகக் கொட்டியது. என் லேப்டாப்பின் ஜிலிப் லைப்ரரியை ஆர்ம் பைனரியோடு ஒட்டப் பார்த்திருக்கிறது. அதனால் சொல்கிறேன், லைப்ரரிகளைத் தேடித் தரும் பிகேஜி-கான்ஃபிக் கருவிக்கு பிகேஜி_கான்ஃபிக்_பாத் மட்டும் வைத்தால் போதாது. அது புது இடத்தைச் சேர்க்குமே தவிர பழைய இடத்தில் தேடுவதை நிறுத்தாது. பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிரில் சிஸ்ரூட்டை (போர்டுக்கான லைப்ரரிகள் உள்ள டைரக்டரி) காட்டி வைத்தால்தான் அதற்குள் மட்டும் தேடும். சிமேக் என்ற பில்ட் கருவி வைத்திருப்பவர்களுக்கு: டூல்செயின் ஃபைலை மாற்றினால் பில்ட் டைரக்டரியை அப்படியே அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள், பழைய கேஷ் உங்களை மதிக்காது. ஃபைண்ட் ரூட் பாத்தில் புரோகிராமுக்கு நெவர், லைப்ரரிக்கும் இன்க்ளூடுக்கும் ஒன்லி, அதாவது புரோகிராமை லேப்டாப்பிலும் மற்றவற்றை சிஸ்ரூட்டிலும் தேடட்டும். சரி, கேட்காமலேயே நிறைய சொல்லிவிட்டேன்.

புதுவரவு:
நான் ஹோஸ்ட் கொடுக்க வேண்டிய இடத்தில் டார்கெட் கொடுத்தேன். ஓடப்போகும் மிஷின்தானே டார்கெட்? கான்ஃபிகர் வாயே திறக்கவில்லை. அழகான எக்ஸ்86 பைனரி வந்தது, என் லேப்டாப்பிலேயே ஜோராக ஓடியது, அதை மேலாளருக்கு டெமோ காட்டியும் விட்டேன். டார்கெட் என்பது கம்பைலர் மாதிரி சமாச்சாரத்தை பில்ட் செய்கிறவர்களுக்காம்.

மேக்ஃபைல்மனிதன்:
சித்தரே, அந்த பேக்கேஜை நான் மறுபடி கான்ஃபிகர் செய்யவே இல்லை. ஆக என் வழியும் வழிதான். தூங்காதவன், ஸ்டாட்டிக்காக, அதாவது லைப்ரரிகளை பைனரிக்குள்ளேயே வைத்து, லிங்க் செய்திருந்தால் லோடரே தேவைப்பட்டிருக்காதே?

தூங்காதவன்:
செய்தேனே. ஓடியது. அப்புறம் சர்வர் பெயரைத் தேடும் இடத்தில் விழுந்தது, ஜிலிப்சி (சி மொழியின் அடிப்படை லைப்ரரி) அந்த மாதிரி வேலைக்கு ஸ்டாட்டிக்கிலும் ஷேர்ட் லைப்ரரியைக் கேட்கும். லிங்க் ஆகும்போதே வார்னிங் வந்திருந்தது, நான்தான் படிக்கவில்லை.