அட்டாக் ட்ரான்ஸ்போர்ட்: தமிழில் என்ன பெயர்?

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லெனர்ட் வுட் என்ற அமெரிக்கக் கப்பலின் பணி வரலாற்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1941 ஜூனில் கடற்படையில் சேர்ந்தபோது அதன் குறியீடு ஏபி-25, அதாவது வெறும் ட்ரான்ஸ்போர்ட், படைவீரரை ஏற்றிச் செல்வது. 1943 பிப்ரவரி 1 முதல் ஏபிஏ-12, அட்டாக் ட்ரான்ஸ்போர்ட். முதலாவதற்குப் 'படைக்கப்பல்' என்று போட்டுவிட்டேன். இரண்டாவதைத் 'தாக்குதல் படைக்கப்பல்' என்றால் கப்பலே போய் அடிக்கிற மாதிரி தொனிக்கிறது. 'கம்பாட் லோடிங்' (சண்டைக்கு ஏற்றபடி சரக்கை ஏற்றும் முறை) என்றொரு சொல்லும் நிற்கிறது. கை கொடுங்கள்.

ம. நா. எழுதியது:

முதற்சொல்லே கோணல். கடற்படையிடம் உள்ள எல்லாமே படைக்கப்பல்தான். 'படை' என்றால் சேனை, ஆயுதம், அடுக்கு என்று பல பொருள். 'கப்பல்' எதற்கு? வங்கம் இருக்கிறது, நாவாய் இருக்கிறது. ஆளேற்றிச் செல்வது 'படைவங்கம்', தாக்குதலுக்குப் போவது 'அடல்வங்கம்'. ஓசையும் நன்று.

இ. எழுதியது:

அடல்வங்கம் என்றால் வாசிக்கிறவர் வங்காள விரிகுடாவில் ஏதோ புயல் என்று நினைப்பார் ஐயா. யாழ்ப்பாணத்தில் காவுதல் இன்னும் பேச்சில் இருக்கிற சொல். நோயைக் கொண்டு திரிவதை நோய்க்காவி என்று பாடப்புத்தகத்திலேயே எழுதுகிறோம். சாதாரணக் கப்பலுக்குத் 'துருப்புக்காவி' போதும்.

ம. நா.:

இங்கே காவி என்றால் துணியின் நிறம். துருப்போ, 'ட்ரூப்' என்பதன் திரிபு.

கு. எழுதியது:

திரிபு இல்லை ஐயா! துருவு என்பதே வேர். துருவிச் செல்பவர் துருப்பர், அவர் கூட்டம் துருப்பு. சீட்டாட்டத் துருப்பும் அதே வேர்தான், எதிரியின் கையைத் துருவுவது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

வே. எழுதியது:

நாளைக்கும் வேண்டாம் கு. தம்பி. சீட்டுத் துருப்பு 'ட்ரம்ப்' வழி வந்தது. இரண்டு இரவல் சொற்கள் தமிழில் ஒரே ஓசைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

சொல்லுக்கு முன் கப்பலின் வேலையைப் பார்த்துவிடுவோம். 1941 நவம்பரில் ஹாலிஃபாக்ஸிலிருந்து பிரிட்டனின் 18ஆவது டிவிஷனை ஏற்றிக்கொண்டு ஆறு அமெரிக்கக் கப்பல்கள் புறப்பட்டன. லெனர்ட் வுட் அவற்றில் ஒன்று. கேப்டவுன் வழியாக டிசம்பர் 27 அன்று பம்பாய். துறைமுகத்தில் ஏற்றி, துறைமுகத்தில் இறக்கினார்கள். கூடப் போன வெஸ்ட் பாயின்ட் (முன்பு 'அமெரிக்கா' என்ற பயணியர் கப்பல்) ஒரே நடையில் 8,000 பேருக்கு மேல் கொள்ளும், போர் முடியும்வரை ஏபி-23ஆகவே இருந்தது. அந்த வகைக்கு எண்ணிக்கையும் வேகமும்தான் கணக்கு.

அட்டாக் வகையில் கணக்கே வேறு. போரின் கடைசியில் கட்டிய ஹாஸ்கல் வகைக் கப்பல் கொள்வது சுமார் 1,500 வீரர்தான். காரணம் படகுகள். எல்சிவிபி என்ற சிறு இறங்குபடகு ஒவ்வொன்றும் 36 அடி நீளம், 36 பேர் ஏறலாம், முன்பக்கம் சாய்தளமாகத் திறக்கும். எல்சிஎம் என்ற பெரிய படகு 50 அடி, 30 டன் டாங்கி ஒன்றைத் தாங்கும். இவற்றைத் தொங்கவிட டேவிட் என்ற வளைந்த தாங்கி, தூக்கி இறக்கக் கனத்த டெரிக் என்ற பாரந்தூக்கி, ஓட்ட ஆள், பழுது பார்க்க ஆள். வீரர்கள் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்று வலை வழியாக இறங்குவார்கள். நெட்டாக ஓடும் கயிற்றைத்தான் பிடிக்க வேண்டும். குறுக்குக் கயிற்றைப் பிடித்தால் மேலே வருபவன் விரலை மிதிப்பான். முதலில் இறங்குபவர்கள் வலையின் அடிப்பகுதியைப் படகுக்குள் இழுத்துப் பிடிக்காவிட்டால், அலையில் படகு விலகும்போது அடுத்தவன் இடுக்கில் விழுவான்.

ஆகவே இந்தக் கப்பல் தாக்குவதில்லை. துறைமுகம் இல்லாத கரையில் ஆளை இறக்குகிறது. சொல் அங்கிருந்து வரட்டும்.

ம. நா.:

"கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து" என்று வள்ளுவர் சொன்னது இதைத்தானே! நாவாய் நிலத்தில் ஓடாது, எனவே படகு.

இ.:

அது இடனறிதல் ஐயா, வலைக்கயிறு இல்லை. ஆனால் வே. அண்ணை சொன்னதில் விடை இருக்கிறது. இறங்கு தன்வினை, இறக்கு பிறவினை. கரைக்குப் போகிற படகு 'தரையிறங்கு கலம்', எங்கள் செய்திகளில் பழகிய சொல். தூரத்தில் நின்று அனுப்புகிற கப்பல் 'தரையிறக்கு கப்பல்'. ஓர் எழுத்தில் வேறுபாடு முடிந்தது.

செ.:

அருமை. ஆனால் 'தரையிறக்குக் கப்பல்' என்று ஒற்று வருமா?

ம. நா.:

வராது. வினைத்தொகை. ஊறுகாய் என்கிறோம், ஊறுக்காய் என்பதில்லை. எனக்கு வேறு குறை உண்டு. தரையிறங்குவது விமானம். கடலிலிருந்து வருபவன் ஏறுகிறான், இறங்குவதில்லை. 'கரையேறு படகு', 'கரையேற்று கப்பல்' என்க.

இ.:

கரையேற்றுதல் என்றால் வள்ளத்தை மணலில் இழுத்து வைப்பது. 'கரையேற்று கப்பல்' என்றால் மராமத்துக்கு மேலே ஏற்றிய கப்பல் என்பார்கள். தவிர டாங்கிகளை இறக்கும் எல்எஸ்டி என்ற கப்பல் உண்மையிலேயே மூக்கைக் கரையில் ஊன்றி வாய் திறக்கும். கரையேறு என்பதை அதற்கு வைத்திருங்கள்.

செ.:

இன்னொரு சிக்கல். 1942 நவம்பர் 8, மொராக்கோவின் ஃபெடாலாவில் லெனர்ட் வுட் படகுகளை இறக்குகிறது. அப்போதும் குறியீடு ஏபி-25! பெயரைக் குறியீட்டுக்கு வைப்பதா, வேலைக்கு வைப்பதா?

வே.:

வேலைக்கு. அட்டவணையில் குறியீட்டை அப்படியே போடுங்கள். ஃபெடாலாவில் இருட்டு, பாறைக் கரை, அனுபவமில்லாத படகோட்டிகள். முதல் அணியாகப் போன படகுகளில் பெரும்பகுதி பாறையில் மோதியும், பின்னாலிருந்து அலை தள்ளிக் குறுக்கே திரும்பியும் நொறுங்கின. சரக்கு இறக்கவும் அதே படகுகள்தான் திரும்பி வர வேண்டும். வராததால் கப்பல் நிறைந்த வயிற்றோடு நங்கூரத்தில் நின்றது. பின்னால் சிசிலி, பசிபிக்கில் மாக்கின், குவாஜலீன், சைப்பான், லெய்டே எல்லாவற்றிலும் இதே வேலைதான்.

கம்பாட் லோடிங் பற்றி: எந்தப் பிரிவு போகிறதோ அதன் தளவாடம் அதே கப்பலில். கரையில் முதலில் வேண்டியது கடைசியில் ஏறும். வெடிமருந்து, தண்ணீர், ரேடியோ, ஜீப் எல்லாம் ஹேட்சுக்கு (சரக்கறையின் மேல்வாய்) நேர் கீழே. கூடாரமும் சமையல் சாமானும் அடியில். இடம் நிறைய வீணாகும், தெரிந்தே விடுவார்கள். மேலே ஒரு லாரியைத் தப்பாக வைத்துவிட்டால் அந்த ஹேட்சில் வேலை முழுக்க நின்றுவிடும்.

கு.:

'எதிரடுக்கு'! அடுக்கு என்பது அடு என்ற வேரில்...

ம. நா.:

அடு என்றால் கொல், சமை என்றும் பொருள். 'அடலடுக்கு' சரியாகும்.

வே.:

ஹேட்சில் நிற்கிறவனிடம் அடலடுக்கு என்றால் சமையல் சாமானைத்தான் மேலே வைப்பான்.

செ.:

நேரமில்லை. 'தரையிறக்கு கப்பல்', 'தரையிறங்கு கலம்' என்று போகிறேன். சாதாரண வகைக்குத் 'துருப்புக் கப்பல்'. கம்பாட் லோடிங்குக்கு 'இறக்கும் வரிசைப்படி ஏற்றுதல்' என்று விரித்தே எழுதிவிட்டேன். இந்த வாரம் மாற்ற முடியாது.

இ.:

எனக்குச் சம்மதம். காவியை விட்டுக்கொடுத்ததாக எழுதிக்கொள்ளுங்கள்.

ம. நா.:

எனக்குச் சம்மதமில்லை. துருப்பு அச்சேறுவதற்கு என் மறுப்பைப் பதிகிறேன். எல்எஸ்டிக்கு என்ன போட்டீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே?