டைஃபுகு மறுநாளே கட்டியாகுது: தப்பு மாவிலா, ஃப்ரிட்ஜிலா?

வெண்மாவு கேட்டது:
டைஃபுகு செய்றேன், ஒட்டரிசி மாவுத் தோலுக்குள்ள பூரணம் வைக்கிற ஜப்பானிய இனிப்பு. ஷிராதமாகோங்கிற ஒட்டரிசி மாவு 100 கிராம், சர்க்கரை 40 கிராம், தண்ணீர் 150 மி.லி. மூணையும் ஒண்ணா கலக்கி மைக்ரோவேவ்ல 600 வாட்டில் 3 நிமிஷம் விடாம ஓட்டுறேன். உள்ளே அன்கோ, அதாவது இனிப்புப் பயறு பூரணம். சுடச்சுட நல்லா இருக்கு. ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சா காலையில தோல் விறைச்சு வெடிச்சிடுது. மோச்சிகோ மாவுக்கு மாறினா சரியாகுமா? ஜோஷின்கோ மாவும் இருக்கு, அது ஆகுமா? உருட்டும்போது அடிப்பக்கம் வேற மூடவே மாட்டேங்குது.

அன்கோகிண்ணம்:
மாவு மேல பழி போடாதீங்க. ஷிராதமாகோவும் மோச்சிகோவும் ஒரே ஒட்டரிசிதான். முதல்ல சொன்னது ஊறவச்சு, தண்ணீரோட அரைச்சு, படிஞ்ச மாவை எடுத்து உலர்த்தினது. அதனால கட்டி கட்டியா இருக்கும், வெந்தா வழவழன்னு வரும். மோச்சிகோ கழுவி உலர்த்தி அரைச்சது. கொஞ்சம் அழுத்தமா, அரிசி வாசனை தூக்கலா இருக்கும். டைஃபுகுவுக்கு ரெண்டும் சரி. ஜோஷின்கோ சாதாரண அரிசி மாவு, இழுபடாது. இதுக்கு அது வேண்டாம்.

விறைக்கிறதுக்குக் காரணம் ஃப்ரிட்ஜும் சர்க்கரைக் குறைவும். வெந்த மாவுச்சத்து ஆறினதும் மறுபடி இறுகி, பிடிச்சு வச்ச தண்ணீரை விட்டுடும். இது வேகமா நடக்கிறது 0 முதல் 5 டிகிரி வரை, அதாவது சரியா ஃப்ரிட்ஜ் குளிர்ல. சர்க்கரை அந்தத் தண்ணீரை விடாம பிடிச்சுக்கும். மாவில் பாதி எடை போட்டா அன்னைக்கே சாப்பிட்டு முடிக்கணும். சம எடைன்னா மறுநாளும் மெத்துன்னு இருக்கும். கியூஹின்னு சொல்ற இனிப்பு மாவு வகைக்கு ஒன்றரை, ரெண்டு மடங்கு வரை போவாங்க. லோட்டே கம்பெனி 1981-ல் கொண்டு வந்த, உள்ளே ஐஸ்க்ரீம் வச்ச யூகிமி டைஃபுகுவோட தோல் ஃப்ரீசர்ல கூட விறைக்காம இருக்கிறதுக்கு அதுல இருக்கிற சர்க்கரையும் ஒரு காரணம்.

இப்படிச் செய்து பாருங்க. மாவு 100 கிராமுக்குத் தண்ணீர் 120 மி.லி. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி விரலால கட்டியை நசுக்குங்க. எல்லாம் கரைஞ்ச பிறகுதான் சர்க்கரை 100 கிராம். முதல்லயே போட்டா தண்ணீரை அது பிடுங்கிக்கும், கட்டி கரையாது. 600 வாட்டில் 2 நிமிஷம், ஈரக் கரண்டியால அடிமுட்டக் கிளறுங்க. மறுபடி 1 நிமிஷம், கிளறல். கடைசியா 30 வினாடி. வெள்ளை போய் கண்ணாடி மாதிரி மினுங்கி, கரண்டியோட இழுபட்டு வரணும். நடுவுல வெள்ளைத் திட்டு தெரிஞ்சா வேகலை. நீங்க கிளறாம ஓட்டுறதால ஓரம் காய்ஞ்சு நடுப்பகுதி பச்சையா நிக்கும்.

கட்டகுரிகோ:
மேலே சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க முடியலை: தோல்ல சம எடை சர்க்கரை, உள்ளே இனிப்பு அன்கோ, ரெண்டும் சேர்ந்தா திகட்டும். 60, 70 கிராம் போதும். சாப்பிட்டு மீந்த டைஃபுகுவை அன்னைக்கே ஒவ்வொண்ணா பிளாஸ்டிக் தாளில் சுத்தி ஃப்ரீசர்ல போடுங்க. ஃப்ரிட்ஜை விட ஃப்ரீசர் நல்லது. அந்த 0–5 டிகிரியைச் சட்டுன்னு தாண்டிடும். எடுத்து வெளியில வச்சு உறைவு விட்டதும் சாப்பிடலாம். ஸ்ட்ராபெரி வச்ச இச்சிகோ டைஃபுகுவுக்கு இது ஆகாது, பழம் உருகும்போது தண்ணீர் விட்டு தோல் கிழியும். அது செய்த அன்னைக்கே காலியாகணும்.

மூடாததுக்குக் காரணம் தூவுற உருளைக்கிழங்கு மாவு. தோலோட உள்பக்கத்துல மாவு இருந்தா ஓரம் ஓரத்தோட ஒட்டாது. மாவு பட்ட பக்கத்தை கீழ வச்சு, பூரணம் வைக்கிற பக்கத்தை உலர்ந்த தூரிகையால துடைச்சிடுங்க. ஓரத்தை மெல்லிசா, நடுவைத் தடிப்பா தட்டுங்க. தோல் 30 கிராம், அன்கோ உருண்டை 25 கிராம். அன்கோவை முன்னாடியே உருட்டி வைங்க. தோல் சூடு ஆறினா பிடி கொடுக்காது.

வெண்மாவு:
ஓரம் விஷயம் புரிஞ்சுது. அந்த ஜோஷின்கோவை என்ன செய்யலாம்? சகுரா (செர்ரி) இலை சுத்துற சகுரமோச்சி இனிப்புக்கு ஆகுமா?

இலைமடிப்பு:
சகுரமோச்சிக்கு ஆகாது. கான்சாய் (ஒசாகா, கியோட்டோ) பக்கம் செய்றதுக்கு டோம்யோஜிகோ வேணும்: ஒட்டரிசியை ஆவியில வேகவச்சு, உலர்த்தி, ரவையா உடைச்சது. ஒசாகா பக்கத்து டோம்யோஜி கோயில் பேர்ல வந்தது. டோக்கியோ வகை, 1717-ல் முக்கோஜிமாவில் சோமெய்ஜி கோயில் வாசல்ல ஆரம்பிச்சதுன்னு சொல்றது, கோதுமை மாவை மெல்லிசா வார்த்து அன்கோவைச் சுருட்டுறது. ரெண்டுக்கும் உப்புல ஊறின சகுரா இலைதான். இலையைத் தண்ணீர்ல ஊறவச்சு உப்பைக் குறைச்சுட்டு ஒத்தி எடுங்க. ரொம்ப நேரம் விட்டா வாசனையும் போயிடும்.

ஜோஷின்கோவுக்கு ஏத்தது மே 5 குழந்தைகள் தினத்துக்குச் செய்ற கஷிவாமோச்சி. 200 கிராம் மாவுல கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு காதுமடல் பதத்துக்குப் பிசைஞ்சு, பிச்சுப் போட்டு 20 நிமிஷம் ஆவியில வேகவைங்க. பிறகு ஈரத்துணியில சூடா இருக்கும்போதே திரும்பப் பிசையணும். இந்த இரண்டாவது பிசைதலை விட்டா வெடிப்பு விழும். நீள்வட்டமா தட்டி, அன்கோ வச்சு ரெண்டா மடிச்சு, ஓக் இலையில சுத்துங்க. சகுரா இலை மாதிரி இந்த இலையைச் சாப்பிட மாட்டாங்க, உரிச்சு வச்சுடணும்.