சாகக் கிடக்கும் பூனைக்குப் புது மருந்தைச் சோதிக்கலாமா?

கயல்:
சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நாம், ஊசி ஏறுவது பூனைக்கு. எனக்கு உறுத்துவது இதுதான். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு நடத்தி 2019இல் வெளியிட்ட எஃப்ஐபி ஆய்வைப் பாருங்கள். எஃப்ஐபி என்பது பூனைகளுக்கு ஒருவகைக் கொரோனா வைரஸால் வரும் கொடிய நோய். ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 வீட்டுப் பூனைகளுக்குத் தினமும் தோலுக்கடியில் போட்டார்கள். திட்டம் 12 வாரம். அந்த ஊசி எரியும். சிலவற்றுக்குப் போட்ட இடமே புண்ணானது. போகிற உயிரை நிம்மதியாகப் போக விடக்கூடாதா?

பாலா:
அக்கா, எஃப்ஐபி வந்த பூனை நிம்மதியாகப் போவதில்லை. 2015இல் எங்கள் ஒன்பது மாதக் குட்டிக்கு வந்தது. வயிற்றில் நீர் கோத்துவிட்டது. தடவினால் முதுகெலும்பு ஒவ்வொன்றாய்க் கையில் தட்டுப்படும். தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் குடிக்காமலே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தது.

அந்த ஆய்வில் 5 பூனைகள் தொடக்கத்திலேயே போய்விட்டன. 26 தாக்குப்பிடித்தன. அதில் 8க்கு நோய் திரும்பியது, திரும்பவும் மருந்து கொடுத்தார்கள். கடைசியில் 25 பிழைத்தன. அதுவரை அநேகமாக எதுவுமே பிழைக்காத நோய் அது! ஒப்பிட்டுப் பார்க்க என்று வெற்று ஊசி போட்டு ஒரு கூட்டத்தைச் சாகவிடவும் இல்லை.

கயல்:
25ஐ நான் மறுக்கவில்லை, தம்பி. ஆனால் உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் சில பூனைகளுக்குப் போதாது, 4 வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? நோய் திரும்பிய பூனைகளால்தானே. அதே பழைய அளவையே திரும்பக் கொடுத்ததில் ஒரு பூனைக்கு நோய் நரம்பு மண்டலத்துக்கு ஏறி, கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. அதன் சொந்தக்காரரிடம் 25 என்று சொல்லிப் பாருங்கள்.

மாறன்:
அப்புறம் நடந்ததை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். மருந்தின் உரிமை வைத்திருந்த கிலியட் நிறுவனம் பூனைகளுக்கு என்று அதைக் கொண்டுவரவில்லை. பூனை வளர்ப்பவர்கள் சீனாவிலிருந்து கள்ளச்சந்தைக் குப்பிகளை வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்ற உறுதிகூட இல்லாமல், வீட்டிலேயே ஊசி போட்டார்கள். அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு எழுதி, மருந்தகத்தில் தயாரித்து வாங்க அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வழிவிட்டது 2024இல்தான். எரிந்த ஊசியைவிட எனக்கு இந்த ஐந்து வருடம்தான் பெரிய அநியாயம்.

கயல்:
சரி, அந்த அநியாயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எந்த நாளிலும் நிறுத்தலாம் என்ற உரிமையை முதல் நாளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சாகக் கிடக்கும் பூனையோடு வருகிறவர் படிவத்தைப் படிக்கிற நிலையில் இருக்கமாட்டார்.

பாலா:
உண்மை, நானும் படித்திருக்கமாட்டேன். ஆனால் 2015இல் அப்படி ஒரு படிவம் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன், அக்கா. ஊசிக்குக் குட்டி கத்தியிருக்கும். 84 நாளும் நான்தான் பிடித்துக்கொண்டிருப்பேன்.